மூன்று ஷிப்டின் சாட்சிகள்: கோவை மருத்துவமனைகளின் தரமும் செவிலியர் மதிப்பீடும்

கோயம்புத்தூரில் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கேட்டால் முதலில் ஒரு டாக்டரின் பெயர் வரும். அடுத்து அங்கே என்ன மெஷின் இருக்கிறது, பில் எவ்வளவு ஆகும் என்று பேச்சு போகும். செவிலியர்களைப் பற்றிய பேச்சு கடைசியில் வந்தால் உண்டு, அதுவும் "சிஸ்டருங்க நல்லாப் பேசறாங்க" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். அந்தச் சிஸ்டர்களிடம் போய் "இந்த ஆஸ்பத்திரி எப்படி?" என்று யாரும் கேட்பதில்லை. ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர் பக்கத்தில் டாக்டர் நிற்பது நாளுக்குச் சில நிமிடங்கள். மீதி நேரம் முழுக்க அந்த வார்டில் இருப்பவர் செவிலியர். ஊசி நேரத்துக்குப் போனதா, முதுகில் படுக்கைப் புண் எந்த நாளில் தொடங்கியது, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் டியூட்டி டாக்டர் வருகிறாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் முழுதாகத் தெரியாது.

மருத்துவமனைத் தரத்தைப் பற்றிச் செவிலியர் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்வியை உலக அளவில் ஆய்வாளர்கள் கால் நூற்றாண்டாகத் துருவி வருகிறார்கள். கிடைத்த முடிவுகள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. தரத்தை அளக்க நம் கையில் உள்ள கருவிகளில் செவிலியரின் மதிப்பீடு மிகவும் நம்பத்தக்கது. கொங்கு நாட்டில் அந்தக் குரல் ஏன் எடுபடுவதில்லை, எடுபட என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இந்த ஊரின் பெரிய மருத்துவமனைகளில் பல, பஞ்சாலைப் பணத்தில் முளைத்தவை. லட்சுமி மில்ஸ் ஜி. குப்புசாமி நாயுடுவின் பெயரில் 1952-ல் பாப்பநாயக்கன்பாளையத்தில் ஒரு மருத்துவமனை எழுந்தது. எஸ்.என்.ஆர். சன்ஸ் அறக்கட்டளை 1975-ல் ஸ்ரீ ராமகிருஷ்ணா மருத்துவமனையைத் தொடங்கியது. 1926-லிருந்து இயங்கிவந்த பி.எஸ்.ஜி. அறநிலையம் 1985-ல் மருத்துவக் கல்லூரி வரை வந்தது. அரசுத் தரப்பில் 1966-ல் கோவை மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் ஆஸ்பத்திரி திருச்சி சாலையில் ஜி.ஹெச். என்ற பெயரிலேயே இன்றும் அறியப்படுகிறது. 1978-ல் கங்கா, 1990-ல் அவினாசி சாலையில் கே.எம்.சி.ஹெச். என்று டாக்டர்களே தொடங்கியவை அடுத்த அலை. பொள்ளாச்சி, உடுமலை, கோபி, தாராபுரம் மட்டுமல்லாமல் நீலகிரியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் இங்கே ஆம்புலன்ஸ் வருகிறது. ஒரு பெரும் வட்டாரத்தின் உயிர் இந்தச் சில சாலைகளில் இருக்கிறது என்பதால்தான் தரம் என்ற கேள்வி இங்கே கனமானது.

தரத்தை யாரிடம் கேட்பது

மருத்துவத் தரத்தை முறையாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவெடிஸ் டொனபெடியன். 1966-ல் அவர் எழுதிய கட்டுரை தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று பிரித்தது. கட்டில், கருவி, ஆட்கள் அமைப்புக்குள் வரும். நோயாளிக்கு என்ன செய்தோம், எப்படிச் செய்தோம் என்பது செயல்முறை. குணமாகி வீட்டுக்குப் போனாரா என்பது விளைவு. அடுத்து வந்தது வணிக உலகின் அளவுகோல். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து அமெரிக்கா போன ஏ. பரசுராமன், தன் சகாக்கள் ஸைதமல், பெரி ஆகியோருடன் சேர்ந்து 1988-ல் செர்வ்குவால் என்ற 22 கேள்விப் பட்டியலை வெளியிட்டார். வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியே சேவைத் தரம் என்பது அதன் அடிப்படை. வங்கிக்கும் ரிப்பேர் கடைக்கும் பிறந்த அந்தப் பட்டியல் மருத்துவமனைக்குள்ளும் வந்தது. நம் பல்கலைக்கழகங்களில் மேலாண்மை மாணவர்கள் மருத்துவமனைச் சேவைத் தரம் பற்றி ஆய்வேடு எழுதும்போது பெரும்பாலும் கையில் எடுப்பது இதைத்தான்.

நோயாளியிடம் கேட்பது அவசியம். மரியாதையாக நடத்தினார்களா, எவ்வளவு நேரம் காத்திருந்தார், வலி என்றபோது யாராவது வந்தார்களா என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் தன் கையில் கேன்யுலா போட்டவர் அதற்குமுன் கை கழுவினாரா என்பதை அவர் கவனித்திருக்க மாட்டார். ஐ.சி.யூ.வில் மயக்கத்தில் கிடந்தவரிடம் கேட்க எதுவுமே இல்லை. பளபளக்கும் தரையையும் ஏ.சி. அறையையும் பார்த்து முழு மார்க் போடும் நோயாளிக்கு, அதே ராத்திரி தன் பக்கத்துக் கட்டிலில் ஆண்டிபயாடிக் ஒன்றரை மணி நேரம் தாமதமானது தெரியாது. ஊசி போட்டவருக்குத் தெரியும்.

அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு ஜெனரல் வார்டில் இரவு ஒரே செவிலியர், 20 நோயாளிகள். அவர்களில் 12 பேருக்கு இரவு 10 மணிக்கு நரம்பு வழி ஆண்டிபயாடிக் என்று வைத்துக்கொள்வோம். பொடி மருந்தைக் கரைக்க வேண்டும். பெயரையும் கேஸ் ஷீட்டையும் ஒத்துப்பார்க்க வேண்டும். கேன்யுலா அடைத்திருக்கிறதா, அந்த இடம் சிவந்து வீங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சலைன் விட வேண்டும். மருந்தை நிமிடக் கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். மறுபடி சலைன், கை கழுவல், கையெழுத்து. ஆளுக்கு ஏழு நிமிடம் என்றால் கூட 84 நிமிடம். இடையில் யாருக்கும் வாந்தி வரவில்லை, புது அட்மிஷன் எதுவும் மேலே வரவில்லை, எந்த நோயாளியின் அட்டெண்டரும் "சிஸ்டர், டிரிப் முடிஞ்சு ரத்தம் ஏறுதுங்க" என்று ஓடிவரவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு. கடைசி ஆளுக்கு மருந்து ஏறும்போது மணி 11.24. சார்ட்டில் 12 பேருக்கும் 10 மணி என்றே எழுதியிருக்கும், ஏனென்றால் ஆர்டர் 10 மணிக்கு. காலை ரவுண்ட்ஸில் சார்ட்டைப் பார்க்கும் டாக்டருக்கும், பிறகு எப்போதோ ஃபைலைப் பார்க்கும் தணிக்கையாளருக்கும் எல்லாம் நேரத்துக்கு நடந்ததாகவே தெரியும்.

இதைச் செவிலியரின் சோம்பல் என்று எடுத்துக்கொண்டால் பிரச்சினையைத் தொடவே இல்லை என்று அர்த்தம். இரண்டு கையும் ஒரு கடிகாரமும் கொண்ட ஒருவர், எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். மருந்தை விட முடியாது. அதனால் புரட்டிப் படுக்க வைப்பது தள்ளிப்போகும், வாய் சுத்தம் செய்வது நிற்கும், நாளை வீட்டுக்குப் போகும் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போடும் முறையைச் சொல்லிக்கொடுப்பது இரண்டு வாக்கியத்தில் முடியும். அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் பியட்ரிஸ் கேலிஷ் 2006-ல் இதற்கு 'விடுபட்ட பராமரிப்பு' என்று பெயர் வைத்து ஆராய்ந்தார். எந்த வேலைகள் எத்தனை முறை விடுபடுகின்றன என்று செவிலியரிடமே கேட்டு அளப்பது அதற்குப் பிறகு ஒரு தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்துவிட்டது. மருத்துவமனைத் தரம் என்று செவிலியர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் இந்த விடுபடல்தான்.

எண்கள் சொல்வது

செவிலியரின் அபிப்பிராயம் வெறும் மனக்குறைதானே என்ற சந்தேகத்துக்கு அழுத்தமான பதில் தந்தவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா ஐக்கன். 2002-ல் அவர் குழு 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. 2014-ல் 9 ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளிலும் அதே 7 சதவீதம் வந்தது. பட்டப்படிப்பு முடித்த செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடிய இடங்களில் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. இடையில் 2012-ல் 12 ஐரோப்பிய நாடுகளையும் அமெரிக்காவையும் சேர்த்து நடந்த ஆய்வில், தங்கள் வார்டின் பராமரிப்பு சுமார் அல்லது மோசம் என்று சொன்ன செவிலியர் அயர்லாந்தில் 11 சதவீதம், கிரீஸில் 47 சதவீதம். பணிச்சூழல் நன்றாக இருந்து, ஆள் பற்றாக்குறை இல்லாத மருத்துவமனைகளில் செவிலியரும் நல்லபடி சொன்னார்கள், நோயாளிகளும் நல்லபடி சொன்னார்கள்.

அதே ஆண்டு மேத்யூ மெக்ஹ்யூவும் ஏமி ஸ்டிம்ஃபெலும் வெளியிட்ட ஆய்வை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். செவிலியர் 'சிறந்தது' என்று சொல்லும் மருத்துவமனைகள் உண்மையிலேயே சிறந்தவையா என்பதையே அவர்கள் சோதித்தார்கள். இறப்பு விகிதத்தோடும் சிகிச்சைப் பதிவுகளோடும் நோயாளி கருத்தோடும் வைத்துப் பார்த்தபோது செவிலியர் வாக்கு பொருந்தி நின்றது. படிவங்களும் பதிவேடுகளும் சேர்ந்து சொல்வதை, உள்ளே நிற்பவர் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்.

குறைகளும் உண்டு. சம்பளத்தில் மனம் நொந்தவர் எல்லாவற்றையும் குறைத்துச் சொல்லக்கூடும். பத்து ஆண்டு ஒரே வார்டில் இருந்தவருக்கு மோசமானதே வழக்கமாகிப் போயிருக்கும். தன் கைவேலையைத் தானே மதிப்பிடும்போது சற்றுத் தாராளம் வரும். அதனால் ஒருவர் சொல்வதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஒரு வார்டில் பெரும்பாலோர் ஒன்றையே சொன்னால் அது வேறு கணக்கு.

சரி, நம் ஊரில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி? இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவுகோல் பயிற்சி மருத்துவமனைகளில் 3 படுக்கைக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் 5-க்கு ஒருவர், அதன்மேல் விடுப்புக்காக 30 சதவீதம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை மொத்தப் பணியிடமாக எடுத்து மூன்று ஷிப்டுக்குப் பிரித்தால் வேறு படம் தெரிகிறது. 30 படுக்கை வார்டில் ஐந்துக்கு ஒருவர் என்றால் 6 பேர். ஷிப்டுக்கு இருவர், ஆளுக்கு 15 நோயாளி. பகலைப் பலப்படுத்த இரவில் ஒருவரைக் குறைத்தால் முப்பதும் ஒருவர் தலையில். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2014-ல் கொடுத்த வழிகாட்டுதல், பகலில் ஒரு செவிலியருக்கு 8 நோயாளியைத் தாண்டினால் தீங்கு நேரும் அபாயம் கூடுகிறது என்று எச்சரிக்கிறது. கலிஃபோர்னியா 2004 முதல் செவிலியர்–நோயாளி விகிதத்தைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. நூற்பு மெஷின் பார்க்கும் ஒரு சைடர் எத்தனை சைடு பார்க்க முடியும் என்று பஞ்சாலை வாசலில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட ஊர் இது. நூல் அறுந்தால் முடிச்சுப்போடலாம் என்ற இடத்திலேயே வேலைப் பளுவுக்கு வரம்பு கேட்டோம். வார்டு வாசலில் அதே கேள்வி ஏன் எழவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஒரு காரணம், அந்த இடைவெளியை நிரப்ப இன்னொருவர் இருக்கிறார் என்பது. நம் மருத்துவமனைகளில் நோயாளியின் அம்மாவோ மனைவியோ மகனோ கட்டிலடியில் பாய் விரித்துக் கூடவே இருக்கிறார். உடம்பு துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, டிரிப் முடிவதைக் கண்காணிப்பது எல்லாம் அவர் வேலை. இது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது கொரோனாக் காலத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2021 மே மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு மே 30 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாதுகாப்புக் கவச உடையோடு போய் நோயாளிகளைப் பார்த்தார். அந்த நாட்களில் அட்டெண்டருக்கு வார்டுக்குள் அனுமதி இல்லை. குடும்பம் செய்துவந்த அத்தனையும், கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்த செவிலியர்மேலும் துப்புரவுப் பணியாளர்மேலும் விழுந்தது. அப்போது உதவிக்குச் சேர்க்கப்பட்ட தற்காலிகச் செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி, 2022 டிசம்பர் 31-உடன் மாநிலம் முழுக்க முடித்துவைக்கப்பட்டது.

பணி நிலை என்பது தரத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. செவிலியர் அப்படி நினைப்பதில்லை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கானோரை அரசு மருத்துவமனைகளுக்கு எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், அது நடக்காமல் போய் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககமான டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தனியார் பக்கம், உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் காட்டிய வழியில் அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையாகச் சம்பளம் தர வேண்டும், மிகச் சிறிய மருத்துவமனையும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. வாளையாறு எல்லைக்கு அந்தப் பக்கம், போராட்டங்களுக்குப் பிறகு 2018-ல் கேரள அரசு குறைந்தபட்சச் சம்பளத்தை அறிவித்தது. பாலக்காட்டுப் பெண்கள் கோவை வார்டுகளில் நிறைந்திருக்கும்போது இந்தச் செய்திகள் இங்கே பேசப்படாமல் இருக்குமா?

சம்பளம் நோயாளியை எப்படித் தொடுகிறது என்பதை ஒரு வார்டு இன்சார்ஜ் நன்றாகச் சொல்வார். இரண்டு ஆண்டு அனுபவம் சேர்ந்ததும் செவிலியர் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ கிளம்பிவிடுகிறார். அப்படி அனுப்பிவைக்க அரசுக்கே அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. அவர்கள் போவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டுக் கடனும் படிப்புக் கடனும் இருக்கும் குடும்பத்துப் பெண்கள் அவர்கள். ஆனால் வார்டில் மிஞ்சுவது போன ஜூனில் வந்த புதுப் பெண்களும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தே களைத்துப்போன இரண்டு மூன்று பேரும்தான்.

"பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காருங்க"

அனுபவம் போகும்போது கூடவே போவது ஒரு நுட்பமான கண். எண்கள் இன்னும் கெடவில்லை; பிபி சரியாக இருக்கிறது, நாடி கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஆனால் மத்தியானம் வரைக்கும் "ஏனம்மிணி, சாப்பிட்டாச்சா?" என்று செவிலியரைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் சாயங்காலம் பேசுவதை நிறுத்திவிட்டார், போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறார். அப்போது மூத்த செவிலியர் போனை எடுத்துச் சொல்வது இதைத்தான்: "டாக்டர், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காருங்க, கொஞ்சம் வந்து பார்த்தாத் தேவலை." நெதர்லாந்தில் கூஸ்கே டவ் குழுவினர் 2015-ல் இந்தக் கவலையையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார்கள். மூச்சில் மாற்றம், தோல் நிறம், நோயாளியே தனக்குச் சரியில்லை என்று சொல்வது எனப் பத்து அறிகுறிகளாகப் பிரித்தார்கள். இந்தக் கவலை, கருவிகள் எச்சரிக்கும் முன்பே வரக்கூடியது.

அந்தப் போனுக்கு மறுமுனையில் என்ன பதில் வருகிறது என்பதே ஒரு மருத்துவமனையின் தரத்தைச் சொல்லிவிடும் என்று நான் நம்புகிறேன். "என்ன வைட்டல்ஸ்? எல்லாம் நார்மல்னா எதுக்குக் கூப்பிடறீங்க?" என்று இரண்டு முறை கேட்டவர் மூன்றாம் முறை கூப்பிட மாட்டார். அமெரிக்காவில் செவிலியர் பணிச்சூழலை அளக்க ஐலீன் லேக் 2002-ல் உருவாக்கிய 31 கேள்விப் படிவத்தில் டாக்டர்–செவிலியர் உறவு ஒரு தனிப் பகுதியாகவே இருப்பது இதனால்தான். நம் பக்கத்தில் டாக்டர், செவிலியர் இடையே படிப்பு மட்டுமா குறுக்கே நிற்கிறது? ஆண் பெண் பேதமும் ஊர்ப்பக்க அந்தஸ்தும் பல இடங்களில் சாதியும் சேர்ந்தே நிற்கின்றன.

சான்றிதழ்கள் இதில் எவ்வளவு உதவுகின்றன? 2005-ல் அமைந்த மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.ஹெச். தரும் அங்கீகாரமும் அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தர உறுதிச் சான்றும் தூய்மைக்காக 2015-ல் வந்த காயகல்ப் பரிசும் உண்மையான மாற்றங்களைக் கொண்டுவந்தன. கழிவுக்கு நிறம் பிரித்த தொட்டி, ஊசி குத்திக்கொண்டால் எழுதிக்கொடுக்கும் முறை, கை கழுவும் பயிற்சி இவையெல்லாம் செவிலியரையே முதலில் காப்பாற்றின. கூடவே எழுத்து வேலையும் பெருகியது. அசெஸ்மென்ட் வரும் வாரத்தில் கட்டிலைவிட ஃபைல் பக்கம் அதிக நேரம் போகிறது. தவறு நேர்ந்தால் எழுதும் இன்சிடெண்ட் ரிப்போர்ட் பாடம் கற்கத்தான். எழுதியவரையே கூப்பிட்டு விசாரிக்கும் இடத்தில் அடுத்த ரிப்போர்ட் வராது. ரிப்போர்ட் குறைந்ததைப் பார்த்துப் பாதுகாப்பு கூடிவிட்டது என்று மகிழ்வது ஆபத்தானது.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை இதற்கு வேதனையான உதாரணம். 2005 முதல் 2009 வரை அங்கே நோயாளிகள் தண்ணீர்கூட எட்டாமல் கிடந்தார்கள். செவிலியர் சிலர் எழுதிக்கொடுத்தும் மேலே எடுபடவில்லை. நிர்வாகத்தின் கவனம் நிதி இலக்குகளில் இருந்தது என்று 2013-ல் வெளியான ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை சொன்னது. ஆனால் அதே நாட்டில் 2003 முதல் ஆண்டுதோறும் பொதுத்துறை மருத்துவ ஊழியர் கருத்துக்கணிப்பும் நடக்கிறது. உங்கள் நண்பருக்கோ உறவினருக்கோ சிகிச்சை தேவைப்பட்டால் இங்கே கிடைக்கும் பராமரிப்பு உங்களுக்குத் திருப்தியாக இருக்குமா என்ற கேள்வி அதில் உண்டு. ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகத்துக்கும் கிடைத்த பதில் விகிதம் பொதுமக்கள் பார்வைக்கு வெளியாகிறது.

கோவையிலும் இதைத் தொடங்க முடியும். "உங்க அம்மாவை இந்த வார்டுல சேர்ப்பீங்களா?" என்று கேட்டாலே போதும். கூடவே சில நேரான கேள்விகள்: போன ஷிப்டில் உங்களுக்கு எத்தனை நோயாளி, எந்த வேலை விடுபட்டது, கவலைப்பட்டுக் கூப்பிட்டபோது டாக்டர் எவ்வளவு நேரத்தில் வந்தார். கேட்பது மருத்துவமனை நிர்வாகமாக இருக்கக் கூடாது; பெயரும் கையெழுத்தும் வேண்டாம்; ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள பிரிவுகளைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிட்டால் யார் சொன்னது என்று தேட முடியாது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இந்த வட்டாரத்திலேயே பல நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. கேள்வித்தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் தயாரித்து, ஒரு கல்லூரி இன்னொரு நிறுவனத்தின் வார்டுகளுக்குப் போய்க் கேட்கலாம். ஜி.ஹெச்.சும் இ.எஸ்.ஐ.யும் பெருந்துறை, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் முதலில் இறங்கினால், தனியார் மருத்துவமனைகள் ஒதுங்கி நிற்பது கடினம்.

முடிவுகள் வந்த மாதமே ஏதாவது ஒன்று மாற வேண்டும். விடுபட்ட வேலை அதிகம் என்று வந்த வார்டுக்கு இரவு 9 மணியிலிருந்து 12 மணி வரை, அந்த ஆண்டிபயாடிக் நேரத்துக்கு மட்டுமாவது, இன்னொரு செவிலியரைப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மாதம் கழித்து அதே வார்டில் அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும்.